குடைக்காரர் வீட்டு முட்டி வலி

பெண்டாட்டியின் முட்டி வலியால் ஒரு மனுஷனுக்குப் பேரும் புகழும் வருமா என்று யாராவது கேட்டால், வரும் என்று நான் அடித்துச் சொல்லுவேன். குடைக்காரருக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போகவும் செய்தது. போன கதைதான் ரொம்ப ருசி.

கடைத்தெரு முனையில் அவருக்கு ஒரு குடை ரிப்பேர்க் கடை. ஆள் உட்கார்ந்தால் குடை வைக்க இடமிருக்காது, குடை வைத்தால் ஆள் உட்கார இடமிருக்காது. அப்படி ஒரு விசாலம். கூரையிலிருந்து வௌவால் கூட்டம் மாதிரி கறுப்புக் குடைகள் தொங்கும். எல்லாம் கம்பி நிமிர்த்தி, கைப்பிடி மாட்டி, ஒட்டுப்போட்டு முடித்தவை. சொந்தக்காரர்கள்தான் வந்து வாங்கவில்லை. அந்த ஊர் ஜனங்கள் அப்படி. மழையில் குடை உடைந்தால் ஓடி வந்து கொடுப்பார்கள். மழை நின்றதும் குடை என்று ஒன்று இருந்ததையே மறந்துபோவார்கள். அடுத்த மழைக்கு நனைந்துகொண்டே வந்து நிற்பார்கள்.

அந்த ஊரில் ஆளுக்கு ஒரு கிறுக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டீக்கடைக்காரர் நீங்கள் கேட்கிற சர்க்கரையைப் போட மாட்டார். உங்கள் முகத்தைப் பார்த்து அவராக ஒரு முடிவுக்கு வந்து போடுவார். பேண்டு மாஸ்டர் தெருவில் நடக்கும்போதும் கை வீசி நடக்க மாட்டார், தாளம் போட்டுத்தான் நடப்பார். எதிரே வருகிற சைக்கிள்காரன் நிற்பதா போவதா என்று தெரியாமல் சாக்கடையில் இறங்குவான். பெயிண்ட் கடைக்காரர் மாதத்துக்கு ஒரு தடவை கடைக்கு வேறு நிறம் அடித்துவிடுவார். வழக்கமாக வருகிறவர்களே கடையைத் தேடி நாலு பேரிடம் விசாரிப்பார்கள்.

இவர்களுக்கு நடுவில் கிறுக்கு எதுவும் இல்லாமல் இருந்தவர் குடைக்காரர் ஒருத்தர்தான். அதனாலேயே அவரை யாரும் மதிக்கவில்லை. அந்தக் குறை அவருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அப்போதுதான் முட்டி வலி வந்து கைகொடுத்தது.

அவர் வீட்டில் துணி காயப்போடுவது மொட்டை மாடியில். மாடிக்குப் போகிற படிக்கட்டு இருக்கிறதே, அது ஏணிக்குத் தம்பி. ஈரத்துணிக் கூடையோடு ஏறினால் மூச்சு வாங்கும். சில நாள் காலையில் வீட்டுக்காரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். "என்னங்க, இன்னிக்கு என்னால படி ஏற முடியாது. முட்டியில யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு." அன்றைக்குக் கூடை இவர் தலையில். முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார், காயப்போடுவார். மத்தியானம் பார்த்தால் வானம் கறுத்துக்கொண்டு வரும். கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து, துணியை அள்ளி இறக்கி, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிடுவார். இப்படிப் பல தடவை நனைந்த பிறகு ஒருநாள், கையில் ஈரப் பாவாடையோடு நின்றபடியே அவருக்கு மண்டையில் விளக்கு எரிந்தது.

முட்டி வலித்தால் மழை. வலிக்காவிட்டால் வெயில்.

கால் தரையில் பாவவில்லை மனுஷனுக்கு. மறுநாள் காலையில் முட்டி வலி என்று வீட்டுக்காரம்மா உட்கார்ந்ததும், கூடையை முணுமுணுக்காமல் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். பிறகு கடைக்குப் போனார். தெருவில் நின்று, இடுப்பில் கைவைத்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். மூக்கை உறிஞ்சினார். "மத்தியானத்துக்கு மேல மழை" என்று டீக்கடைப் பக்கம் பார்த்து அறிவித்தார். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் மழைக்காரர் ஆகிவிட்டார். செங்கல் காயவைக்கிறவர் வந்து கேட்டுவிட்டுத்தான் செங்கல் பரப்புவார். டீக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டார். ஏதோ ஓரிரு நாள் தப்பும். அப்போது "மேகம் வந்துச்சு, பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு" என்பார். பக்கத்து ஊருக்குப் போய் யார் விசாரிப்பது?

பெயிண்ட் கடைக்காரர் மட்டும் விடவில்லை. "காலையில ரேடியோவில சொல்றதைக் கேட்டுட்டு வந்து இங்க மூக்கை உறிஞ்சுறீர்" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். குடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்திருக்கிற நேரத்துக்கு ரேடியோவில் வானிலை முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவர் வீட்டு ரேடியோ சமையல்கட்டில் இருந்தது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேராக வீட்டுக்குப் போனார். ரேடியோவைத் தூக்கினார். பட்டப்பகலில், கடைத்தெரு முழுக்கப் பார்க்கும்படி அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவந்து, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். "எனக்கு வானம் போதும், ரேடியோ உனக்கு" என்று அவர் சொன்னதைக் கேட்டுக் கூட்டத்தில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா அன்றைக்கு இடுப்பில் கைவைத்து ஒரு பார்வை பார்த்ததோடு சரி. தையல்காரம்மா அந்த ரேடியோவைத் தன் ஜன்னல் திட்டில், தையல் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், குடைக்காரர் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடைக்காரர் வைத்துக்கொள்ளவில்லை.

தினமும் கண் விழித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "முட்டி எப்படி இருக்கு?" என்பதுதான். அதைக் கேட்டுத் தெருவில் பெண்டுகள் பெருமூச்சு விட்டார்கள். பெண்டாட்டி மேல் இவ்வளவு கரிசனமா, நம்ம வீட்டிலும் ஒன்று இருக்கிறதே என்று தங்கள் வீட்டுக்காரரை இடித்துக் காட்டினார்கள்.

ஆனால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. முட்டி வலி குணமாகிவிட்டால்?

தையல்காரம்மா ஒருநாள் ஒரு குப்பி தைலம் கொண்டுவந்து கொடுத்தார். இதைத் தேய்த்தால் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து ஓடுவார்கள் என்றார். வீட்டுக்காரம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, குடைக்காரர் தைலத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, குப்பியில் தன் தலை எண்ணெயை நிரப்பி வைத்தார்.

"என்னங்க, இந்தத் தைலம் உங்க தலை மாதிரியே மணக்குது."

"இப்பல்லாம் மருந்துக்கும் வாசனை போடுறாங்க."

"டாக்டரைப் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"டாக்டரா? முட்டியைத் தொட்டாங்கன்னா அவ்வளவுதான். உள்ள இருக்கிறது பூராத்தையும் கலைச்சுப்புடுவாங்க. உனக்கு வலிச்சா நான் இருக்கேன்ல, கூடையை நான் தூக்கறேன்."

வீட்டுக்காரம்மா குப்பியை இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு குப்பியை மூடி அலமாரியில் வைத்தார். செடி அந்த வாரம் கருகிப்போனது. அது ஏன் கருகியது என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் பேண்டு மாஸ்டர் வீடு தேடி வந்தார். தாளம் போட்டுக்கொண்டே வந்ததால் தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. கூடவே பெயிண்ட் கடைக்காரர். ஊர் பேண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய கச்சேரி நடத்தும். போன தடவை மழைக்குப் பயந்து மூட்டைக் கிடங்குக்குள் நடத்தினார்கள். பெரிய டிரம்மை அடித்த அடியில் மூட்டைகள் சரிந்து, குழல் வாசிக்கிறவர் அதற்கு அடியில் போய்விட்டார். அடியில் இருந்தபடியே பாட்டை முடித்தார் என்பது வேறு விஷயம். இந்தத் தடவை திடலில்தான், திறந்த வெளியில்தான் என்று பேண்டு மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். கச்சேரி அன்றைக்குக் காலையில் மழைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொன்னது பலித்தால் மேடையிலேயே அவருக்கு 'வானம் படித்தவர்' என்று பட்டம். அதுமட்டுமா, முன் வரிசை நடுவில் கை வைத்த நாற்காலி.

குடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இப்படி ஒருநாள் வரும் என்றுதான் அவர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார்.

காப்பி கொண்டுவந்த வீட்டுக்காரம்மா தம்ளரைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். அவருக்குப் பேண்டு என்றால் உயிர். கிடங்கில் நடந்தபோதும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர். மெதுவாகக் கேட்டார்.

"அப்படியே எனக்கும் முன்னாடி ஒரு நாற்காலி போடுவாங்களா?"

பேண்டு மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் குடைக்காரர் முந்திக்கொண்டார். "முன் வரிசை வானம் தெரிஞ்சவங்களுக்கு. உனக்கு என்ன தெரியும்? துணி காயப்போடத் தெரியும். அதையும் பாதி நாள் நான்தான் செய்யறேன்."

பெயிண்ட் கடைக்காரர் சிரித்தார். பேண்டு மாஸ்டரும் சிரித்தார். வீட்டுக்காரம்மாவும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துக் குடைக்காரர் பயந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அப்போதே கை வைத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார், மனசுக்குள்.

கச்சேரி நாள் விடிந்தது. குடைக்காரர் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"முட்டி எப்படி இருக்கு?"

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. இடுப்பில் கூடையோடு வீட்டுக்காரம்மா இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தார். "முட்டியா? பஞ்சு மாதிரி இருக்குங்க. இன்னிக்கு ஓட்டப்பந்தயம் வெச்சாக்கூட ஓடுவேன்." ஏறியவர் இறங்கினார், மறந்துபோன ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். ஒரு முனகல் இல்லை. குடைக்காரர் கீழே நின்று அந்தக் கால்களை, தேர் போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தார். ஊரே கூடியிருந்தது. பெஞ்சு மேல் ஏறினார். வானத்தின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ கொஞ்சம் தெரிந்தது. அதைப் பார்த்துப் பெயிண்ட் கடைக்காரர் அது என்ன என்று கேட்டார். "அது மேகம் இல்லைய்யா, புகை" என்று குடைக்காரர் ஒரே போடாகப் போட்டார். இன்றைக்கு ஒரு சொட்டுக்கூட விழாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "இன்னிக்குத் திடலுக்கு எவனாவது குடையோட வந்தா, அவன் என்னை நம்பலைன்னு அர்த்தம்" என்றும் சொன்னார்.

குடை ரிப்பேர் பண்ணுகிறவரே குடை வேண்டாம் என்கிறார் என்றால், அப்புறம் யார் கொண்டுவருவார்கள்? ஊர் மொத்தமும் வெறுங்கையோடு திடலுக்குப் போனது. பெயிண்ட் கடைக்காரர் அந்த நம்பிக்கையில் மேடைக்குப் பின்னால் பெரிய துணி கட்டி, நீல வானமும் வெள்ளைக் கொக்குகளும் வரைந்து வைத்திருந்தார். சாயம் இன்னும் காயவில்லை. பேண்டுக்காரர்கள் புதுசாக வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் தையல்காரம்மா கைவேலை. குடைக்காரர் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

பேண்டு மாஸ்டர் கோலை உயர்த்தினார். டிரம் முழங்கியது. முழங்கியது டிரம் இல்லை.

முதல் சொட்டு குடைக்காரர் மூக்கில் விழுந்தது. அதை அவர் துடைத்துவிட்டார், யாரும் பார்ப்பதற்குள். ஆனால் அடுத்தடுத்து வந்ததைத் துடைக்கக் கை போதவில்லை. வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. வரைந்த வானம் வழிந்து பேண்டுக்காரர்கள் மேல் இறங்கியது. வெள்ளைச் சட்டையெல்லாம் நீலம். ஒரு கொக்கு உருகி டிரம்காரர் வழுக்கையில் போய் உட்கார்ந்தது. பெரிய குழல் வாசிக்கிறவர் ஊதினார், குழாய் திறந்த மாதிரி தண்ணீர் வந்தது. ஜனங்கள் எழுந்து குடைக்காரரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் சர்க்கரையே இல்லை.

"கடையில தொங்குற குடையெல்லாம் விக்கத்தான் இந்த வேலை பண்ணியிருக்கான்" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த நேரத்தில் திடலின் வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. இழுத்து வந்தது தையல்காரம்மா. பின்னாலிருந்து தள்ளி வந்தது குடைக்காரரின் வீட்டுக்காரம்மா, விரித்த குடையின் கீழே, சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லாமல். வண்டி நிறையக் குடைகள். கடைக்கூரையில் தொங்கிய வௌவால் கூட்டம் மொத்தமும் வந்திருந்தது.

"செங்கல்காரரே, இது உங்களுது. போன மழைக்குக் கொடுத்து மறந்துட்டீங்க. டீக்கடை அண்ணே, இந்தாங்க, கைப்பிடி புதுசா மாட்டியிருக்கு. மாஸ்டர், இது உங்க குடைதான், தாளம் போட்டுப் போட்டு நீங்கதான் கம்பியை ஒடிச்சீங்க."

குடைகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. கொஞ்ச நேரத்தில் திடலே ஒரு பெரிய கறுப்புக் கூரையாகிவிட்டது. கொண்டாட்டம் பிடித்துக்கொண்டது ஜனங்களுக்கு. பேண்டுக்காரர்கள் நீலச் சட்டையோடு மறுபடி வாசித்தார்கள். குடை மேல் மழை அடிக்கிற சத்தமும் டிரம் சத்தமும் சேர்ந்து, இந்த மாதிரி ஒரு கச்சேரியை யாரும் கேட்டதில்லை என்று ஆனது.

பேண்டு மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். மழை வரும் என்று எப்படி அம்மா தெரியும் என்று வியந்து கேட்டார். வீட்டுக்காரம்மா ஒரு கண்ணை மூடி, வானத்தை அண்ணாந்து பார்த்து, மூக்கை உறிஞ்சினார். "சும்மா பார்த்தேன்" என்றார்.

கை வைத்த நாற்காலியிலிருந்து குடைக்காரரை எழுப்பிவிட்டார்கள். பட்டம் இடம் மாறியது. வண்டியில் எல்லாருக்கும் குடை இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. அவருடைய சொந்தக் குடையில் கம்பி உடைந்து வருஷக்கணக்காகிறது. அதைச் சரிபண்ணத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கடைசி வரிசைக்குப் போய் நின்று நனைந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஈரம் சொட்டச் சொட்டக் கூடத்தில் நின்று கேட்டார்.

"உன் முட்டி ஏன் இன்னிக்கு வலிக்கலை?"

"என்னிக்குங்க வலிச்சுது?"

வீட்டுக்காரம்மா துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். விடியற்காலையில் ரேடியோவில் மழை என்று சொல்வார்களாம். மழை நாளில் துணியை ஏற்றி இறக்கிக் கட்டி அவிழ்க்க யாரால் முடியும்? அதனால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். "வெயில் நாள்ல நான் ஏறலையா? நியாயமாத்தான் பங்கு போட்டேன்."

"ரேடியோவை நான் எடுத்துக் கொடுத்துட்டேனே."

"எங்க கொடுத்தீங்க? இங்கருந்து எடுத்து அந்த ஜன்னல்ல வெச்சீங்க. முன்னைவிட இப்பத்தான் நல்லாக் கேக்குது."

தலை எண்ணெய்க் குப்பியை வீட்டுக்காரம்மா அலமாரியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். தைலத்தைச் செடிக்கு ஊற்றிய அன்றைக்கே சந்தேகம் வந்ததாம். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்கு முட்டி வலி போகக்கூடாது என்று ஏன் பாடுபடுகிறான் என்று தையல்காரம்மாவும் அவருமாக உட்கார்ந்து யோசித்தார்களாம். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லையாம்.

"ஒரு நாற்காலி கேட்டேன். போட்டிருந்தீங்கன்னா இன்னிக்கும் முட்டி வலிச்சிருக்கும்."

அன்றைக்கு ராத்திரி குடைக்காரர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். ஆனால் தோற்றுப்போய்ப் படுக்கவில்லை. படுத்த இடத்திலேயே ஒரு யோசனை முளைத்து, கிளைவிட்டு, காலைக்குள் பூத்துவிட்டது. வானமும் வேண்டாம், முட்டியும் வேண்டாம். ரேடியோவைத் திரும்ப வாங்கிவிட்டால் முடிந்தது. ஒளித்துவைத்துக் கேட்டு, ஒரே வாரத்தில் பட்டத்தைத் திரும்பப் பிடுங்கிவிடலாம்.

விடிவதற்கு முன்னாலேயே எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. பூனை மாதிரி வெளியே வந்து தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. கதவு திறப்பதற்குள் பேச்சு முடிந்து பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"தங்கச்சி, அந்த ரேடியோ" என்று ஆரம்பித்தார்.

"வாங்கண்ணே. நீங்க வருவீங்கன்னு அக்கா ராத்திரியே ஜன்னல் வழியா சொல்லிட்டாங்க." தையல்காரம்மா உள்ளே போனார். குடைக்காரர் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். வந்தது ஈரத்துணிக் கூடை. அதை நீட்டிய கையில் வைத்துவிட்டு, தையல்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து முட்டியைத் தடவினார்.

"என்னன்னு தெரியலண்ணே. இன்னிக்கு எனக்கும் ஆணி அடிக்குது."

எதிர் ஜன்னலில் தன் வீட்டுக்காரம்மாவின் முனகல் கேட்டது. ரேடியோ வாங்கப் போனவர், இரண்டு வீட்டுத் துணியோடு மாடிப்படி ஏறினார்.